எந்தக் கொசுறு?

1999 மார்ச் 15, திங்கள் – 20
மார்ச் 16, செவ்வாய் – 20
மார்ச் 17, புதன் – 17
மார்ச் 18, வியாழன் – 20
மார்ச் 19, வெள்ளி – 17
மார்ச் 22, திங்கள் – காலையில் 17, மாலையில் 20
மார்ச் 25, வியாழன் – 20
அதே நாள், தொலைபேசியில் – 24

கேள்வி என்னவோ ஒன்றேதான். நானூற்று முப்பத்தேழு மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டத் தட்டில், எண்பது மில்லிமீட்டர் அகலமுள்ள இட்லிக் குழி எத்தனை போடலாம்? தட்டு வளரவில்லை, குழி சுருங்கவில்லை. பதில் மட்டும் தக்காளி விலை மாதிரி ஏறி இறங்கியது. கேட்டவர் அலர்மேல்மங்கை. பதில் சொன்னது கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு பாத்திரக் கம்பெனியின் ஆபீஸ் அறையில், முருகன் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டர்.

அலர்மேல்மங்கைக்கு அப்போது வயது முப்பத்தொன்பது. மகால் பக்கத்துச் சந்து ஒன்றில், மாவுமில்லுக்கு நாலு வீடு தள்ளி மாடிப் போர்ஷனில் குடியிருந்தார். சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்குள் ஒரு பாஷை, வாசல்படி தாண்டினால் தமிழ். நாலு அண்ணன்மாருக்குப் பிறகு பிறந்ததால் வீட்டில் அவர் பெயர் பாப்பா. தலையில் இரண்டு நரை வந்த பிறகும் பாப்பாதான். எம்.எஸ்ஸி. கணிதம் படித்து முதல் வகுப்பில் தேறியவர். தேறிய கையோடு இந்தக் கம்பெனியில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்து பதினாலு வருடம் ஆகியிருந்தது. படித்த கணக்கில் அங்கே புழக்கத்தில் இருந்தது வரிச் சதவீதம் மட்டும்தான்.

ஆனால் ஆள் அழுமூஞ்சி அல்ல. பில்லில் சின்னக் குறும்பு செய்வார். 'இட்லிக் கொப்பரை ஒன்று' என்று எழுத வேண்டிய இடத்தில் 'உருளை ஒன்று, மூடி அரைக்கோளம்' என்று எழுதி, முதலாளி கையெழுத்துப் போடும் வரை முகத்தை இறுக்கமாக வைத்திருந்து, போட்டபின் கிழித்துவிட்டு வேறு எழுதுவார். முதலாளி சீதாராமன் பில்லைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர் என்பதற்கு அது சோதனை. ஒருமுறைகூட அவர் தேறவில்லை.

அந்த வருடப் பொங்கலுக்குச் சீதாராமனின் அக்கா மகன் கிரிதரன் அமெரிக்காவிலிருந்து வந்தவன், தன் பழைய கம்ப்யூட்டரை மாமாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனான். உள்ளே கணக்குப் போடுவதற்கென்றே ஒரு மொழி இருந்தது. சமன்பாட்டை எழுதினால் விடை சொல்லும், வளைகோடு கேட்டால் வரைந்து காட்டும். சீதாராமன் அதில் ஒரு மாதம் சீட்டு விளையாடினார். கணக்கு மொழியை முதலில் திறந்தவர் அலர்மேல்மங்கைதான். தொகையீடு ஒன்றைக் கொடுத்து, அது விடையைத் துப்பியதும், கதவைச் சாத்திக்கொண்டு இன்னொன்று கொடுத்தார். அன்றைக்கு மத்தியானம் போட வேண்டிய பில் எதுவும் போடப்படவில்லை.

பிப்ரவரிக் கடைசியில் ஓர் ஆர்டர் வந்தது. திருமங்கலம் பக்கம் ஒரு ஹாஸ்டல் மெஸ். கொப்பரை அவர்களிடமே இருக்கிறது. அதற்குள் ஐந்து தட்டு அடுக்கலாம். மெஸ் மேனேஜர் கேட்டது ஒன்றே ஒன்று: ஒரு ஈடுக்கு நூறு இட்லி. அதாவது தட்டுக்கு இருபது குழி.

கம்பெனியில் டிராயிங் போடுபவர் ராஜகுரு. டிப்ளமோ படித்தவர், முப்பது வயது, அக்கா அக்கா என்று அழைத்துக்கொண்டே காலை வாருகிறவர். அவர் காம்பஸை எடுத்து நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, அதைச் சுற்றிப் பன்னிரண்டு என்று அழகாகப் பூப்போல வரைந்தார். பத்தொன்பது.

"அம்புட்டுத்தேன் முதலாளி. இருபதாவது இட்லிய மேனேஜர் தலையிலதான் ஊத்தணும்" என்றார்.

"பூ மாதிரி இருக்கணும்னு யார் சொன்னா? கோணல்மாணலா வச்சா இருபது உக்காரும்" என்றார் அலர்மேல்மங்கை. "கம்ப்யூட்டர் பெட்டி கிட்ட கேட்டுச் சொல்றேன்."

சீதாராமன் இருவரையும் பார்த்தார். கோபம் வந்தால் தொழிலாளிகளுக்குப் புரியக்கூடாதென்று சௌராஷ்டிரத்தில் திட்டுவது அவர் வழக்கம். தொழிலாளிகள் எல்லோருக்கும் அது பத்து வருடத்துக்கு முன்பே புரிந்துவிட்டது என்பது அவருக்கு மட்டும் தெரியாது. அன்று அந்தப் பாஷையில் அவர் சொன்னதன் சாரம் இது: மார்ச் முடிவதற்குள் பெட்டி உறுதியாக ஒரு பதில் சொன்னால் தட்டில் குழி அழுத்துகிற எஃகு அச்சு, அதாவது டை, அதன்படி, பெட்டியும் பாப்பாவிடமே இருக்கும், பில் போட வேறு ஆள் பார்க்கலாம். சொல்லாவிட்டால் பெட்டி குடோனுக்கு, பாப்பா பில்லுக்கு.

லேத்தில் நின்றிருந்த மருது தன் உதவியாளிடம், "அக்காவுக்கு மார்ச் வரைக்கும் கெடு" என்று மொழிபெயர்த்தார்.

அலர்மேல்மங்கை எழுதிய நிரல் புத்திசாலித்தனமானது அல்ல, பொறுமையானது. இருபது வட்டத்தைத் தட்டில் கண்டபடி கொட்டும். இடித்துக்கொள்கிறவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும். உட்கார்ந்தால் இருபது, உட்காராவிட்டால் கலைத்துவிட்டு மறுபடி கொட்டும். எத்தனை கொட்டியும் தேறாவிட்டால் ஒன்றைக் குறைத்துக்கொள்ளும். கூட்ட நெரிசலில் டவுன் பஸ் கண்டக்டர் செய்வதும் இதுதான்.

இரண்டு குழிக்கு நடுவிலும், குழிக்கும் தட்டின் விளிம்புக்கும் நடுவிலும் எவ்வளவு தகடு விடவேண்டும் என்று சொல்வதற்கு அந்த நிரலுக்கு ஒரு சின்ன உதவிச் சார்பு தேவைப்பட்டது. இரண்டு வட்டத்தைக் காட்டினால் இடைவெளியைச் சொல்லும், வேறு வேலை இல்லை. அதற்கு அவர் வைத்த பெயர் 'கொசுறு'. கத்தரிக்காய் வாங்கினால் மேலே போடுகிற கறிவேப்பிலை போல, குழிக்கு மேல் கொஞ்சம் கூட. கொசுறு நாலு மில்லிமீட்டர்.

இந்த மொழியில் ஒரு சங்கடம் உண்டு. ஒவ்வொரு வரியையும் ஒவ்வொரு தடவையும் படித்து, புரிந்துகொண்டு, பிறகுதான் செய்யும். இட்லி ஊற்றுகிறவள் ஒவ்வொரு கரண்டிக்கும் சமையல் குறிப்பைப் பிரித்துப் படிப்பது போல. அதனால் 'கம்பைல்' என்று ஒரு வசதி வைத்திருந்தார்கள். நிரலை ஒரே தடவையில் இயந்திரத்தின் சொந்தப் பாஷைக்கு மாற்றிச் சீல் வைத்துவிடும். பிறகு அது குறிப்பைப் பார்க்காது, ஓடும். அலர்மேல்மங்கை மார்ச் 15 அன்று முதலில் கொசுறை எழுதினார். பிறகு பெரிய நிரலை எழுதி, சீல் வைத்தார். மூன்று மணி நேரம் ஓடி இருபது என்றது. செவ்வாயும் இருபது.

சீல் வைத்தும் மூன்று மணி நேரமா என்று அவருக்கு ஒரு உறுத்தல் இருந்தது. பெட்டி பழசு என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். அங்கேயே பிடித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

புதன்கிழமை பதினேழு.

"என்னக்கா, நேத்து இருபது, இன்னிக்கு பதினேழு? ராத்திரி மூணு இட்லிய யாரு தின்னது?" என்றார் ராஜகுரு.

அலர்மேல்மங்கை எல்லாவற்றையும் முதலிலிருந்து திரும்ப ஓட்டிப் பார்த்தார். வியாழன் இருபது. வெள்ளி மறுபடி பதினேழு. மருது தினமும் காலையில் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்து, வானிலை கேட்பது போல, "அக்கா, இன்னிக்கு எம்புட்டு?" என்று கேட்டுவிட்டுப் போனார். பட்டறையில் டீ பந்தயம் ஆரம்பமாகிவிட்டது. பதினேழின் பக்கம் ஆள் கூடிக்கொண்டே போனது.

பெட்டியைத் தொடுகிற இன்னொருவர் ராஜகுரு. பெரிய அலுமினியத் தகட்டில் எத்தனை வட்டம் வெட்டலாம் என்று பார்க்க, அலர்மேல்மங்கையிடமே கற்றுக்கொண்டு அவரும் ஒரு சின்ன நிரல் எழுதியிருந்தார். தகடு லோடு வருகிற நாளில் சீக்கிரமே வந்து உட்கார்ந்துவிடுவார். 'தன் காம்பஸ் தோற்கக்கூடாதென்று இவன்தான் நோண்டுகிறான்' என்று அலர்மேல்மங்கை முடிவு கட்டினார். முடிவு கட்டியதோடு நிற்காமல், 19ஆம் தேதி மாலை கிளம்பும்போது விசைப்பலகையின் எண்டர் பொத்தானில் லேசாகக் குங்குமம் தடவிவிட்டுப் போனார்.

திங்கள் காலை ராஜகுருவின் வலது ஆட்காட்டி விரல் சிவப்பாக இருந்தது. வியர்வையைத் துடைத்ததில் நெற்றியிலும் ஒரு கோடு.

"என்ன தம்பி, கோயிலுக்குப் போயிட்டு வாரியா?"

"இல்லக்கா, காலைலருந்து இங்கதான் தகட்டுக் கணக்கு பாக்குறேன். ஏன்?"

"அப்ப என் நிரல்ல கை வச்சது நீதான்."

"உங்க நிரலா? அக்கா, மனசாட்சியோட பேசுங்க. என் தகட்டுலதான் யாரோ கை வச்சிருக்காங்க. போன வியாழக்கிழமை என் வட்டமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. அதை நம்பி வெட்டி ரெண்டு தகடு கிழிஞ்சு போச்சு. நான் உங்களைக் கேட்டனா?"

இருவரும் நியாயம் கேட்க முதலாளி அறைக்குப் போனார்கள். சீதாராமன் கையை உயர்த்தி, "சத்தம் போடாதீங்க" என்றார். அவர் விரலும் சிவப்பாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து சீட்டு விளையாடியிருக்கிறார். விசாரணை அந்த இடத்திலேயே கைவிடப்பட்டது.

மார்ச் 25, வியாழன். அன்று ராஜகுரு லீவு. அலர்மேல்மங்கை முதலிலிருந்து எல்லாவற்றையும் எழுதி ஓட்டினார். சீதாராமன் திருமங்கலத்தில் மெஸ் மேனேஜரைப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"சாயந்திரம் வரைக்கும் ஓடும்ங்கிற. நீ வீட்டுக்குப் போயிடு. ஏழு மணிக்கு நான் பூத்துலருந்து போன் பண்றேன். ஒரு நம்பர், ஒரே நம்பர் சொல்லு. மருது காலைல ஆறு மணிக்கு டை வெட்ட ஆரம்பிச்சிடுவான். அதுக்கப்புறம் பெருமாளே வந்தாலும் மாத்த முடியாது."

இருபது வந்தது. அலர்மேல்மங்கை பஸ் ஏறி வீட்டுக்கு வந்தார்.

அவர் வீட்டில் தொலைபேசி கிடையாது. மூன்று வருடத்துக்கு முன்பு விண்ணப்பித்து, 'தங்கள் விண்ணப்பம் பதிவு செய்யப்பட்டது' என்று ஒரு கடிதமும், 'தங்கள் முறை வரும்போது தெரிவிக்கப்படும்' என்று இன்னொரு கடிதமும் வந்திருந்தன. அதுவரை பி.பி. நம்பர்தான். எதிர்வீட்டுப் பாலாம்பாள் மாமி வீட்டுக்கு அழைப்பு வரும். மாமி பால்கனியில் வந்து நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். பெயருக்கு உரியவர் ஓடவேண்டும். சந்தில் பாதி வீட்டுக்கு அதுதான் நம்பர்.

ஏழு மணிக்கு மணி அடித்தது. "பாப்பாவைக் கூப்பிடுங்க" என்றார் சீதாராமன். மாமி பால்கனிக்கு வந்து, "பாப்பா! நோக்கு போன்!" என்று குரல் கொடுத்தார்.

அலர்மேல்மங்கைக்கு அது கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்து மாநகராட்சிக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. கொல்லைப்புறத்தில் குடத்தோடு நின்றிருந்தார். ஆனால் மாமியின் வாசலில் மாவு டப்பாவோடு வந்து நின்ற இன்னொருவருக்கு நன்றாகக் கேட்டது. மாவுமில் நடத்துகிற அந்த அம்மாளுக்கு அறுபத்திரண்டு வயது. மில் சத்தத்தில் காது பாதி போனவர். அவரும் அவர் வீட்டில் கடைக்குட்டி. அவர் பெயரும் பாப்பா.

இரண்டு முனையில் இருந்தவர்களும் பின்னால் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால், அந்த உரையாடல் சௌராஷ்டிரத்தில் இப்படி நடந்திருக்கிறது.

"பாப்பாவா? எத்தனை?"

மில்லுக்கு வருகிற போன் எல்லாமே அப்படித்தான் தொடங்கும். கல்யாண வீட்டு அரிசி என்று நினைத்துக்கொண்ட மில் பாப்பா, "இருபத்திநாலு" என்றார்.

"இருபத்திநாலா! நல்லாப் பாத்தியா?"

"ரெண்டு தடவை பாத்துட்டேன்."

"ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்காதே?"

"எப்படி ஒட்டும்? ஆறவிட்டுத்தானே கட்டியிருக்கேன்."

"சபாஷ்" என்றார் சீதாராமன். போனை வைத்தார். பூத்துக்கு வெளியே நின்றிருந்த மெஸ் மேனேஜரிடம் திரும்பி, "நூறு கேட்டீங்க. ஒரு ஈடுக்கு நூத்தி இருபது தாரேன்!" என்றார்.

அலர்மேல்மங்கை ஒன்பது மணி வரை காத்திருந்தார். போன் வரவில்லை. மாமி வீட்டு விளக்கும் அணைந்துவிட்டது. விடிந்தும் விடியாமல் போய்க் கதவைத் தட்டினார்.

"மாமி, நேத்து எனக்கு போன் ஏதாவது வந்துச்சா?"

"வந்துதே. பாப்பா வந்து பேசிட்டுப் போயிட்டாளே."

"எந்தப் பாப்பா?"

மாமி பால்கனியிலிருந்து பெயரைச் சொன்னதோடு சரி, உள்ளே வந்து பேசியவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. "ஏன்டி, நீ இல்லையா அது?" என்றார். பிறகு மாவுமில் பக்கம் பார்த்துக் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டார்.

மில்லுக்கு ஓடிப் போய், இயந்திரச் சத்தத்துக்கு மேல் கத்தி, நடந்ததைத் தெரிந்துகொண்டார். "யாருன்னு கேக்க வேண்டாமா?" என்றதற்கு, "பாப்பான்னு கூப்பிட்டாங்க, நான் பாப்பா, போனேன். இதுல கேக்க என்ன இருக்கு?" என்று மில் பாப்பா திருப்பிக் கேட்டார். மாமி வீட்டிலிருந்து கம்பெனிக்கு போன் செய்தால், பூட்டிய அறைக்குள் அது அடித்துக்கொண்டே இருந்தது. அலர்மேல்மங்கை பெரியார் பஸ் நிலையத்துக்கு ஆட்டோ பிடித்து, திருமங்கலம் போகிற பஸ்ஸில் ஏறினார்.

பஸ் பழங்காநத்தம் தாண்டுகிற வரை மில் பாப்பாவையும், ஆள் தெரியாமல் கூப்பிட்ட மாமியையும், முதலாளியையும் மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தார். மாமி மேல் என்ன தப்பு? தெருவில் பெயரைச் சொன்னார். யார் அருகில் நின்றார்களோ அவர்கள் வந்தார்கள். வீட்டுக்குள் போன் இருந்திருந்தால், வீட்டுக்குள்ளேயே பாப்பா என்று கூப்பிட்டிருந்தால், வீட்டில் இருக்கிற பாப்பாதானே வந்திருப்பாள்? வெளியே போய்க் கேட்டால்…

"எந்தக் கொசுறு?" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார்.

பக்கத்து சீட்டுக்காரர், கீரைக்கட்டு வைத்திருந்தவர், "எங்கிட்ட கேட்டியாம்மா?" என்றார்.

சீல் வைத்த டப்பாவுக்குள் 'கொசுறு' என்ற பெயரைத்தான் வைத்திருந்தார், கொசுறை வைக்கவில்லை. நிரல் ஓடும்போது ஒவ்வொரு குழிக்கும் அது டப்பாவை விட்டு வெளியே வந்து, பால்கனியில் நின்று, 'கொசுறு!' என்று கூப்பிட்டிருக்கிறது. ராஜகுருவும் அவரிடம்தானே கற்றார்? அவரும் தன் தகட்டு நிரலில், வட்டத்துக்கும் வட்டத்துக்கும் நடுவில் கத்தி இறங்க விடுகிற ஒன்பது மில்லிமீட்டருக்கு, 'கொசுறு' என்றே பெயர் வைத்திருக்க வேண்டும். அணைத்தால் திரும்பக் கிளம்ப அடம்பிடிக்கும் என்று பெட்டியை யாரும் அணைப்பதில்லை. கடைசியாக யார் எழுதினார்களோ அவர்கள் கொசுறுதான் வாசலில் நின்றிருக்கும். ராஜகுரு முந்திக்கொண்ட நாளில் இட்லிக்கு ஒன்பது. அலர்மேல்மங்கை எழுதிய நாளில் ராஜகுருவின் தகட்டுக்கு நாலு. மூன்று மணி நேரத்துக்கும் அதுதான் காரணம். வேலை செய்த நேரம் கொஞ்சம், வாசலுக்கு நடந்த நேரம்தான் மீதி.

கம்பெனி வாசலில் இறங்கியபோது பட்டறையில் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அலர்மேல்மங்கை செருப்பைக் கழற்றாமலே உள்ளே ஓடி மெயின் சுவிட்சை இழுத்துவிட்டார். ஃபேன், லேத், மூலையில் பக்திப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த ரேடியோ, எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன.

மருது எஃகுக் கட்டைக்கு முன்னால் குந்தியிருந்தார். அதன்மேல் அட்டையில் வெட்டிய வட்டங்கள் முட்டி மோதிக்கொண்டிருந்தன.

"என்னக்கா இது? முதலாளி ராத்திரியே ஆள் விட்டுச் சொல்லிட்டாரு, இருபத்திநாலுன்னு. இருபத்தொண்ணு வரைக்கும் எப்படியோ திணிச்சுட்டேன். மிச்சம் மூணையும் மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். சரி, குழியச் சின்னதாக்கிருவோம்னு இப்பத்தேன் கட்டரை மாட்டினேன்."

"வெட்டிட்டீங்களா அண்ணே?"

"ஒரு சுத்துதான் ஓட்டிப் பாத்தேன். கட்டை மேல படல."

அலர்மேல்மங்கை அந்தக் கட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

எட்டரை மணிக்குச் சீதாராமன் இனிப்புப் பொட்டலத்தோடு வந்தார். விஷயம் கேட்டதும் பொட்டலத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தார். சௌராஷ்டிரத்தில் அவர் பேசிய பேச்சில் மாவுமில், பாலாம்பாள் மாமி, அமெரிக்கா எல்லாம் வந்தன. கடைசியில் தமிழுக்கு வந்து, "குடோன் சாவி எங்க?" என்றார்.

"முதலாளி, ஒரு மணி நேரம் கொடுங்க. தப்பு பெட்டி மேல இல்ல, என் மேல. ராஜகுரு மேலயும் இல்ல" என்றார் அலர்மேல்மங்கை. பிறகு ராஜகுருவிடம் திரும்பி, "தம்பி, அந்தக் குங்குமத்துக்கு மன்னிச்சிரு" என்றார்.

"குங்குமம் போனாப் போகுது. கிழிஞ்ச ரெண்டு தகடு யார் கணக்கு?" என்றார் ராஜகுரு.

"அதுவும் என் கொசுறுதான்."

கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க எழுதினார். இந்தத் தடவை கொசுறை வெளியே எழுதவில்லை. நிரலைச் சீல் வைக்கும் முன்பே, கொசுறு என்ற பெயர் வருகிற இடத்தில் எல்லாம் அது செய்கிற வேலையையே முழுசாக உள்ளே போட்டு, பிறகு மூடினார். இனி அந்தக் கொசுறு அந்த டப்பாவுக்கு மட்டும் சொந்தம். வெளியே இருப்பவருக்கு அதைத் தெரியாது. அதற்கும் வெளியே யாரையும் தெரிய வேண்டியதில்லை. வீட்டுக்குள் பேசுகிற பாஷை மாதிரி.

"தம்பி, இப்ப நீ வா. வெளியில கொசுறுன்னு எழுதி, என்ன வேணுமோ வச்சுக்கோ. உன் இஷ்டம்."

ராஜகுரு விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "இஷ்டம்னா இஷ்டம்தானே? பின்னால அழக்கூடாது" என்று சொல்லி, கொசுறு முந்நூறு மில்லிமீட்டர் என்று எழுதினார். ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் நடுவே ஒரு அடி. அந்தக் கொசுறு உள்ளே போனால் தட்டில் ஒரு இட்லிகூட மிஞ்சாது.

"ஓட்டுங்கக்கா."

பட்டறை முழுவதும் ஜன்னலில் நின்றது. பதினேழில் பந்தயம் கட்டியவர்கள் முன்வரிசையில் நின்றார்கள். சீதாராமன் கையில் குடோன் சாவி ஆடிக்கொண்டிருந்தது. டீ வந்தது. டீ குடித்து முடிப்பதற்குள் திரை அசைந்தது. மூன்று மணி நேரம் பிடித்தது ஒன்பது நிமிடத்தில் முடிந்திருந்தது. கோணல்மாணலாக, ஆனால் ஒன்றை ஒன்று தொடாமல், இருபது வட்டம்.

"இன்னொரு தடவை" என்றார் சீதாராமன்.

இருபது.

"சரி, மூணாவது தடவை."

மூன்றாவது இருபது வந்தபோது சாவி அவர் சட்டைப் பைக்குள் போய்விட்டது. மருது எழுந்து, "அக்கா, மெயினைப் போடலாமா? ரேடியோல பாட்டு பாதில நிக்குது" என்றார். பெட்டிக்கு மட்டும் பேட்டரி இருந்ததால், அவ்வளவு நேரமும் பட்டறை இருட்டில் நின்றது யாருக்கும் உறைக்கவில்லை.

நூற்றி இருபதுக்குச் சீதாராமன் மெஸ் மேனேஜரிடம் என்ன சொன்னார் என்பது தெரியவில்லை. "மீதி இருபது சட்னிக்குன்னு வச்சுக்கங்க" என்று சொன்னதாக ராஜகுரு பரப்பினார். அதை நம்ப இடமில்லை. மேனேஜர் கேட்டது நூறு, கிடைத்தது நூறு. தட்டு போய்ச் சேர்ந்த பிறகு, விளிம்பை ஒட்டி வரிசையில் சேராமல் நிற்கிற அந்த இருபதாவது குழிக்கு ஹாஸ்டல் பையன்கள் 'கொசுறு' என்றே பெயர் வைத்துவிட்டதாகத் தகவல் வந்தது. அவர்களுக்கு யார் சொன்னார்கள் என்பதை மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. டெலிவரிக்குப் போனவர் ராஜகுரு.

அந்த ராஜகுரு, சோதனையெல்லாம் முடிந்த மகிழ்ச்சியில், வெளியே தான் எழுதிய முந்நூறை மாற்ற மறந்துவிட்டார். மறுநாள் தகட்டு லோடு வந்தது. அவருடைய நிரல், ஆறடித் தகட்டில் அங்கே ஒன்று இங்கே ஒன்றாக வட்டத்தைப் போட்டு, மீதியெல்லாம் கழிவு என்று காட்டியது.

"அக்கா! என் தகட்டுல யாரோ கை வச்சிட்டாங்க!"

"எந்தக் கொசுறுன்னு பாரு தம்பி" என்று பில் மேசையிலிருந்து குரல் வந்தது.

அந்த மேசையில் அவர் உட்கார்ந்த கடைசி வாரம் அது. ஏப்ரலில் பில் போட ஆள் வந்தது. பெட்டி முருகன் படத்துக்குக் கீழேயிருந்து பட்டறையை ஒட்டிய அறைக்கு, அலர்மேல்மங்கையோடு இடம் மாறியது. சீதாராமன் ஞாயிற்றுக்கிழமைகளில் அனுமதி கேட்டுக்கொண்டு வந்து சீட்டு விளையாடினார். இரண்டு வருடத்துக்குள் வடைச்சட்டி மூடி, பணியாரக் கல், இடியாப்பத் தட்டின் துளை என்று கம்பெனியில் எதற்கும் டை வெட்டும் முன்பு, "அக்கா கிட்ட கேட்டாச்சா?" என்பது மருதுவின் வாயில் பழகிவிட்டது. அக்கா எழுதிய எல்லா நிரலிலும் உதவிச் சார்பு உள்ளேயே இருந்தது. பெயர் மட்டும் எல்லாவற்றிலும் கொசுறுதான்; மாற்றச் சொன்னதற்கு, "ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு பாப்பா இருந்தா என்ன கெட்டுப்போச்சு?" என்று கேட்டார்.

தெருப் பாப்பாவுக்கு மட்டும் ஒரு ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. மாமி அதன்பிறகு பால்கனியில் நின்று, "கணக்குப் பாப்பா!", "மாவுப் பாப்பா!" என்று பிரித்துக் கூப்பிட்டுப் பார்த்தார். மாவுப் பாப்பாவுக்கு முதல் பாதி காதில் விழுவதில்லை. இரண்டு அழைப்புக்கும் அவரே வந்தார். சீதாராமன் இன்னும் மூன்று தடவை அவரிடம் பேசி, ஒரு தடவை ஐந்து கிலோ கேழ்வரகு மாவுக்குச் சம்மதமும் சொல்லிவிட்டார்.

அலர்மேல்மங்கை தொலைபேசி அலுவலகத்துக்குப் பழைய இரண்டு கடிதத்தின் நகலையும் இணைத்து நினைவூட்டல் எழுதினார். காரணம் என்ற இடத்தில், 'பெயர் உள்ளேயே இருக்க வேண்டியுள்ளது' என்று எழுதினார். அதைப் படித்தவருக்கு என்ன புரிந்ததோ, இணைப்பு ஒதுக்கப்பட்டது, கருவி பொருத்த ஆள் வருவார் என்ற மூன்றாவது கடிதம், அந்த வரிசையில் கடைசியானது, மாவுமில்லில் தவறாகக் கொடுக்கப்பட்டு, அங்கே ஒரு நாள் மாவு படிந்து கிடந்து, உரிய பாப்பாவின் கைக்கு வந்து சேர்ந்தது 1999 ஆகஸ்ட் 26, வியாழக்கிழமை.